பந்தயத் துடுப்புப் பலகைகளைத் தண்ணீருக்குத் தண்ணீர் ஒப்பிடுவது எப்படி: யாழ்ப்பாணக் கடலுக்கான முழுமையான வழிகாட்டி

நின்றபடி துடுப்புப் போடும் பலகை இரண்டு கையில் இருக்கிறது. பந்தயத்துக்கு எது வேகம் என்று தெரிய வேண்டும். புதிதாக வருபவர்கள் ஒரு நாள் ஒன்றையும் மறுநாள் மற்றதையும் ஓட்டி, கடிகாரம் காட்டும் சராசரி வேகத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கிடைக்கும் மணிக்கு 0.3 கி.மீ வித்தியாசம் பெரும்பாலும் காற்றாலும் ஆழத்தாலும் ஓட்டியவரின் களைப்பாலும் வந்தது. பலகையின் பங்கு அதற்குள் எவ்வளவு என்று பிரித்தெடுப்பதுதான் வேலை. கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். முன்னுள்ள படி தவறினால் பின்னுள்ள அளவுகளுக்குப் பெறுமதி இல்லை.

1. பந்தயத் தடத்தை முதலில் எழுதுங்கள்

எந்தத் தண்ணீரில், எவ்வளவு தூரம், எத்தனை திருப்பம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அமைதியான தண்ணீரில் மட்டும் ஓடும் 5 கி.மீ பந்தயத்துக்கும், பாதித் தூரம் எதிர்காற்றில் போய்த் திரும்பும் 10 கி.மீ பந்தயத்துக்கும் ஒரே விடை வராது.

பந்தய வகுப்பையும் பாருங்கள். பரவலாக இருப்பவை 14 அடி, 12 அடி 6 அங்குலம் என்ற இரண்டு நீளங்கள். ஒரு 14 அடிப் பலகையை 12 அடி 6 அங்குலப் பலகையோடு ஒப்பிட்டால் நீளம்தான் வெல்லும். நீரைத் தள்ளிப் போகும் பலகையின் அலைத்தடை கடுமையாக ஏறத் தொடங்கும் வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு கூடும்: 14 அடிக்கு ஏறத்தாழ மணிக்கு 9.3 கி.மீ, 12 அடி 6 அங்குலத்துக்கு 8.8 கி.மீ. ஒடுங்கிய பலகைகள் இந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் தாண்டும் ஒவ்வொரு சிறு வேகத்துக்கும் உடல் தரவேண்டிய விலை அதிகம்.

2. முன்கூட்டியே தேவையானவை

ஒவ்வொரு வினாடியும் பதியும் ஜிபிஎஸ் கருவி வேண்டும். அதை மணிக்கட்டில் கட்டாதீர்கள். கை ஒவ்வொரு தரமும் முன்னும் பின்னும் போவதால் தூரம் பிழையாகப் பதியும். இடுப்பில் கட்டுங்கள், அல்லது பலகையின் மேல் ஒட்டுங்கள்.

நேரம் பிடிக்கக் கரையில் ஒரு ஆளும், நிறுத்துக்கடிகாரமும், நங்கூரக் கல்லோடு இரண்டு மிதவைகளும் எடுங்கள். நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டி இருந்தால் நல்லது. பலகை நிறுக்க மீன் நிறுக்கும் தொங்கு தராசு போதும்.

இரண்டு பலகைக்கும் ஒரே துடுப்பு, ஒரே லைஃப் ஜாக்கெட், காலைப் பலகையோடு பிணைக்கும் ஒரே கால்கயிறு, ஒரே அளவு குடிதண்ணீர். அடியில் பூட்டும் செட்டையும் முடிந்தவரை ஒன்றாகவே இருக்கட்டும். செட்டை வேறுபட்டால் நீங்கள் அளப்பது பலகையை அல்ல, பலகையும் செட்டையும் சேர்ந்த ஒன்றை.

ஆழமில்லாத பரவைக்கடலில் இது இன்னும் முக்கியம். சாதாளை என்ற கடற்களை செட்டையில் சுற்றினால் வேகம் குறையும், ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது. பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த களைச்செட்டையை இரண்டிலும் பூட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் வாலைத் தூக்கிப் பாருங்கள். நிமிர்ந்த பந்தயச் செட்டையை ஒன்றிலும் களைச்செட்டையை மற்றதிலும் பூட்டி ஒப்பிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

3. பலகையை அளந்து குறியுங்கள்

அகலத்தையும் எடையையும் நீங்களே அளவிடுங்கள். பெட்டியில் எழுதியதை நம்பவேண்டாம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் நிறுங்கள். சோதனைக்குப் பிறகு, துடைத்த பலகை அரைக் கிலோ கூடியிருந்தால் எங்கோ வெடிப்பு வழியாகத் தண்ணீர் குடித்திருக்கிறது. திருத்தும் வரை அதை ஓட்டி ஒப்பிடுவதில் பயனில்லை.

பிறகு வடிவத்தைப் பாருங்கள். அமைதித் தண்ணீருக்கான பலகை 21 முதல் 24 அங்குலம் வரை ஒடுங்கியிருக்கும். அணியம், அதாவது முன்முனை, கூராக நின்று நீரைக் கிழிக்கும். அடி கிட்டத்தட்ட நேராக இருக்கும். எல்லாத் தண்ணீருக்குமான பலகையின் அணியத்தில் பருமன் கூட, அகலமும் ஓரிரு அங்குலம் கூட. காற்றோடு ஓடுவதற்கான பலகையில் அணியம் மேல்நோக்கி வளைந்திருக்கும், முன் அலையின் முதுகில் குத்தி நிற்காமல் இருப்பதற்காக.

காலடி தாழ்ந்த தொட்டி போன்ற மேற்தளம் இருந்தால், பக்கத் துளைகள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்று குறியுங்கள். 8ஆம் படியில் இது தேவைப்படும். அத்தோடு, தாழ்ந்த தளத்தில் நீங்கள் தண்ணீருக்குக் கிட்ட நிற்கிறீர்கள். துடுப்பின் நீளத்தைத் தளத்திலிருந்து அல்ல, நீர் மட்டத்திலிருந்து கணக்கிட்டுச் சரிசெய்யுங்கள். இரண்டு பலகைக்கும் 2 முதல் 5 செ.மீ வரை வித்தியாசம் வரலாம். நீளம் கூட்டிக் குறைக்கும் துடுப்பு இதற்குத்தான்.

காற்றடித்து நிரப்பும் பலகை என்றால், கரையில் வெயிலில் அடித்த அழுத்தம் தண்ணீரில் குளிர்ந்ததும் இறங்கும். தண்ணீரில் 20 நிமிடம் மிதக்க விட்டு, திரும்ப அளந்து, தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். 2 பி.எஸ்.ஐ குறைந்தாலே நடுப்பகுதி தொய்ந்து அடி வளைவு மாறும். முடித்ததும், வெயிலில் விட்டுப் போகாமல் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள்.

4. ஆழம்: யாழ்ப்பாணத்தில் எல்லாரும் விடும் பிழை

நமது கடனீரேரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஒரு மீற்றர் அல்லது அதற்கும் குறைவு. கசூரினாக் கரையிலும் வெகுதூரம் நடந்தே போகலாம். பழகுவதற்கு இவை அருமையான இடங்கள். வேகம் ஒப்பிடுவதற்குப் பொருந்தா.

காரணம் இது. ஆழமில்லாத தண்ணீரில் அலை ஓடக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அரை மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 8 கி.மீ, 0.7 மீற்றரில் 9.4, ஒரு மீற்றரில் 11.3, ஒன்றரை மீற்றரில் 13.8, இரண்டு மீற்றரில் 15.9 கி.மீ. உங்கள் வேகம் அந்த எல்லையில் 60 முதல் 70 வீதத்தை நெருங்கும்போதே தடை ஏறத் தொடங்கும். பலகை எழுப்பும் அலை செங்குத்தாகிப் பின்னால் தங்கும், வால் இறங்கும், எவ்வளவு இழுத்தாலும் வேகம் கூடாது. ஒரு மீற்றர் ஆழத்தில் மணிக்கு 8 கி.மீ போகும் ஒருவர் ஏற்கெனவே எல்லையின் 70 வீதத்தில் நிற்கிறார்.

இதனால் ஒப்பீடு இரண்டு விதமாகக் கெடும். வேகமான பலகைதான் முதலில் எல்லையில் முட்டும், ஆகவே இரண்டும் சமம் போலத் தோன்றும். அல்லது ஒரு பலகையை ஓடிய நேரத்தில் தண்ணீர் வற்றியிருக்கும், அதன் மேல் பழி விழும். இங்கே வற்றுப்பெருக்கு பெரிதல்ல. ஆனாலும் ஒரு மீற்றர் தண்ணீரில் 20 செ.மீ வற்றினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

ஆழம் பார்க்கக் கருவி வேண்டியதில்லை. பந்தயத் துடுப்பு ஏறத்தாழ இரண்டு மீற்றர். நிமிர்த்தி இறக்குங்கள். கைப்பிடி நீர் மட்டத்துக்கு வரும்வரை தரை தட்டக்கூடாது. தடம் முழுவதும் 50 மீற்றருக்கு ஒரு தரம் பாருங்கள், நடுவில் திட்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். இரண்டு மீற்றர் கிடைக்காவிட்டாலும், குறைந்தது ஒன்றரை மீற்றர் இல்லாத இடத்தில் எடுத்த எண்ணை ஏட்டில் எழுதவே வேண்டாம்.

பந்தயமே ஆழமில்லாத தண்ணீரில் நடக்கப் போகிறதா? அப்போது மட்டும் அந்த ஆழத்தில் தனியாக ஒரு சோதனை வையுங்கள். அதன் விடையை ஆழத் தண்ணீரின் விடையோடு கலக்காதீர்கள்.

இடம் தேர்கையில் பண்ணைப் பாலக் கண்களுக்குக் கிட்டப் போகவேண்டாம், அங்கே நீரோட்டம் இழுக்கும். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுகள் போகும் வழியிலும் வேண்டாம், படகு அலை ஓட்டத்தைக் கெடுக்கும், ஆபத்தும்கூட. சிறகுவலைக் கம்பங்கள் நிற்கும் இடத்தை அந்தக் கரை மீனவர்களிடம் முதலே கேளுங்கள். கடற்படை மறிக்கும் பகுதியா என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

5. ஒவ்வொரு பலகையிலும் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பலகையில் சரியான இடத்தில் நின்றும் மற்றதில் 10 செ.மீ பின்னால் நின்றும் ஓடினால், முன்னது வெல்லும். அது பலகையின் வெற்றி அல்ல.

பலகையைத் தூக்கும் கைப்பிடிக்கு நேரே பாதங்களை வைத்துத் தொடங்குங்கள். பந்தய வேகத்தில் 100 மீற்றர் போங்கள். வாலில் தண்ணீர் களகளவென்று சுழன்றால் பின்னால் நிற்கிறீர்கள். அணியத்தின் மேல் தண்ணீர் ஏறி, பலகை திசை மாறத் துடித்தால் முன்னால் நிற்கிறீர்கள். 5 செ.மீ வீதம் மாற்றுங்கள். கரையில் நிற்பவர் பக்கவாட்டில் வீடியோ எடுத்தால் நீர்க்கோடு எப்படிச் சாய்கிறது என்று தெளிவாகத் தெரியும். நின்றபடி மிதக்கையில் அல்ல, ஓடுகையில் பார்க்கவேண்டும். வேகம் ஏற வால் இறங்கும்.

இடம் சரிவந்ததும் பெருவிரல் நுனிக்கு நேரே ஒட்டுநாடா ஒட்டுங்கள். இனி எல்லா ஓட்டமும் அந்தக் கோட்டிலிருந்து.

6. அமைதித் தண்ணீர்ச் சோதனை

மற்ற எல்லா அளவுக்கும் அடிப்படை இது. பங்குனி, சித்திரையில் விடியற்காலை நல்ல நேரம். தென்மேற்குக் காற்றான சோளகம் தொடங்கிவிட்டால் சில நாட்களில் இரவிலும் காற்று விழாது. ஐப்பசியில் காற்று ஓயும் நாட்கள் உண்டு, ஆனால் இடிமுழக்கம் கேட்டால் உடனே கரை ஏறுங்கள். திறந்த நீரில் நிமிர்ந்து நிற்கும் ஒரே பொருள் நீங்கள்தான்.

500 மீற்றர் இடைவெளியில் மிதவைகள் போடுங்கள். ஒரு ஓட்டம் என்பது போய் வருதல், ஒரு கிலோமீற்றர். மிதவைக்கு 30 மீற்றர் முன்னரே வேகம் எடுத்து, ஓடிக்கொண்டே கோட்டைத் தாண்டுங்கள். தூரத்தில் உள்ள மிதவையிலும் அப்படியே: தாண்டிப் போய், திரும்பி, வேகம் எடுத்த பிறகே நேரம் தொடங்கவேண்டும். இல்லையென்றால் திருப்பத்தின் திறமை வேகத்தோடு கலந்துவிடும்.

பலகைகளை அ, ஆ என்று வைத்தால் ஒழுங்கு: அ, ஆ, ஆ, அ. முதலில் இரண்டிலும் கணக்கில் சேராத ஒரு சூடேற்றும் ஓட்டம். இந்த ஒழுங்கு ஏன் என்றால், களைப்பும் வெயிலும் காற்றும் நேரத்தோடு மெல்ல ஏறிக்கொண்டே போகும். அ, ஆ, அ, ஆ என்று ஓடினால் ஆ எப்போதும் பிந்திய, மோசமான நேரத்தில் விழும். நடுவில் ஆ இரண்டு தரம் வந்தால் இரண்டு பலகையும் சமமாகச் சுமக்கும்.

உழைப்பு ஒரே அளவாக இருக்கவேண்டும். நிமிடத்துக்கு இத்தனை துடுப்பு வீச்சு என்று வைத்துக்கொண்டு, இதயத்துடிப்பையும் ஒரு வரம்புக்குள் வையுங்கள். துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். நமது வெக்கையில் அதே உழைப்புக்கும் துடிப்பு அரை மணியில் ஏறிவிடும், அதைப் பிடித்து வைக்க நீங்கள் அறியாமலே மெதுவாவீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் துடிப்பு இறங்கும் வரை, 4 அல்லது 5 நிமிடம், இளைப்பாறித் தண்ணீர் குடியுங்கள். ஓடும்போது கடிகாரத்தின் வேகத்தைப் பார்க்கக் கூடாது. பிடித்த பலகையில் கை தானாகவே அதிகமாக இழுக்கும்.

கணக்கு முறைக்கு ஒரு எடுத்துக்காட்டு. அ 7:28, ஆ 7:21, ஆ 7:24, அ 7:34. அ சராசரி 7:31, ஆ சராசரி 7:22.5. வித்தியாசம் 8.5 வினாடி. அ-வின் இரண்டு ஓட்டங்களுக்கு இடையே 6 வினாடி, ஆ-வினுடையதற்கு 3. ஒரே பலகையின் ஓட்டங்களுக்கிடையே உள்ள இடைவெளியை விட, பலகைகளுக்கிடையே உள்ள இடைவெளி பெரிது. ஆகவே ஆ வேகம் என்று சொல்லலாம், இன்னொரு காலை அதே விடை வந்தால் உறுதியாகவே சொல்லலாம். மாறாக இருந்தால் இரண்டும் சமம் என்று எழுதுங்கள். அதுவும் ஒரு விடைதான், பணத்தை மிச்சப்படுத்தும் விடை.

இரண்டு பேர் இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. இருவரும் ஒரே நேரத்தில், 10 மீற்றர் பக்க இடைவெளியில் ஓடி, பலகையை மாற்றித் திரும்ப ஓடுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் இருவரின் நேரத்தையும் கூட்டுங்கள். காற்றும் நீரோட்டமும் இருவருக்கும் ஒன்றே என்பதால் அவை கழிந்துபோகும். ஒருவர் பின்னால் ஒருவர் போகக்கூடாது. முன்னவரின் அலையில் பின்னவர் இலவசமாக வருவார்.

7. நீரோட்டத்தைக் கழியுங்கள்

ஜிபிஎஸ் காட்டுவது தரையின் மேல் போகும் வேகம், தண்ணீரின் மேல் போகும் வேகம் அல்ல. போகும்போது மணிக்கு 9 கி.மீ, வரும்போது 7 என்றால், தண்ணீரின் மேல் வேகம் இரண்டின் சராசரி 8. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் 7.875 வரும், ஏனென்றால் மெதுவான பாதியில் அதிக நேரம் செலவாகிறது. ஆகவே ஒவ்வொரு பாதியையும் தனியே கணக்கிட்டுப் பிறகு சராசரி எடுங்கள்.

காற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். எதிர்காற்றில் இழந்ததைப் பின்காற்று திருப்பித் தராது. காற்று எழும்பியதும் அமைதித் தண்ணீர்ச் சோதனையை நிறுத்துங்கள்.

8. குட்டை அலை

சோளகக் காலத்துப் பின்னேரம் கடனீரேரியில் எழுவது குட்டையான, செங்குத்தான அலை. ஒரு கம்பத்தைத் தாண்டும் 20 அலைமுகடுகளுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு அலைக்கு 1.5 வினாடி என்றால் அலையின் நீளம் ஏறத்தாழ 3.5 மீற்றர். 14 அடிப் பலகை 4.27 மீற்றர். ஒரு முகட்டில் அணியமும் அடுத்ததில் வாலும் கிடந்து, நடுவில் அடி தொங்கும். இரண்டு வினாடி என்றால் நீளம் 6 மீற்றருக்கு மேல், அப்போது பலகை முழுவதும் ஏறி இறங்கும். ஒரே பலகை இந்த இரண்டிலும் வெவ்வேறாக நடக்கும். ஆகவே அலையின் நேரத்தை எழுதாத அலைச் சோதனை அரைகுறை.

ஒடுங்கிய பலகை இங்கே எப்படித் தோற்கிறது என்று கவனியுங்கள். தண்ணீர்த்தடையால் மட்டுமல்ல. விழாமல் இருக்கத் துடுப்பைத் தட்டையாக அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வீச்சு போகிறது. கரையில் நிற்பவர் அந்தத் தாங்கல் அடிகளை எண்ணட்டும். முதல் 500 மீற்றரையும் கடைசி 500 மீற்றரையும் தனித்தனியே எண்ணவேண்டும்.

இந்தச் சோதனையைப் புதுக்காலோடு செய்யாதீர்கள். 30 அல்லது 40 நிமிடம் ஓடிக் கால் சோர்ந்த பிறகு செய்யுங்கள். 23 அங்குலத்தில் முதல் பத்து நிமிடம் நின்றுவிடுவது பெரிய காரியமல்ல. பந்தயத்தின் கடைசிக் கிலோமீற்றரில் நிற்க முடிகிற அகலம்தான் உங்கள் அகலம்.

தொட்டித் தளம் உள்ள பலகையில் மிதக்கும்போது 10 லீற்றர் வாளித் தண்ணீரை ஊற்றி, வடிய எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பிறகு ஓடிக்கொண்டு பாருங்கள். 10 லீற்றர் என்றால் 10 கிலோ, அதுவும் பக்கத்துக்குப் பக்கம் ஓடும் 10 கிலோ. அடுத்த அலை ஏறுமுன் வடியாவிட்டால் அந்தப் பலகை எப்போதும் சுமையோடுதான் ஓடும்.

9. எதிர்காற்றும் பக்கக்காற்றும்

எதிர்காற்றில் பெரும் தடை உங்கள் உடல். பலகைகளின் வித்தியாசம் சுருங்கும், அணியம் அலையில் அறைகிறதா வெட்டுகிறதா என்பது மட்டும் மிஞ்சும். இரண்டு பலகையிலும் ஒரே மாதிரிக் குனிந்து ஓடுங்கள்.

பக்கக்காற்றில் பார்க்கவேண்டியது, ஒரே பக்கம் எத்தனை வீச்சு தொடர்ந்து போடவேண்டியிருக்கிறது என்பது. உயர்ந்த பக்கச் சுவர் காற்றைப் பிடிக்கும். செட்டையை அது பூட்டும் பெட்டிக்குள் பின்னே தள்ளினால் நேராகப் போகும், முன்னே தள்ளினால் எளிதாகத் திரும்பும். ஆனால் அதைச் சோதனையின் நடுவில் மாற்றவேண்டாம்.

10. காற்றோடு ஓட்டம்: முதலில் கரையைத் தீர்மானியுங்கள்

சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரைகள் வடக்கே பார்த்தவை. அங்கே சோளகம் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரிவதால் புதியவர்கள் ஏமாந்து இறங்குகிறார்கள். 300 மீற்றர் தாண்டியதும் திரும்புவது கடினம், எதிரே பாக்கு நீரிணை. சோளகத்தில் அங்கே சோதனை வேண்டவே வேண்டாம். வடகிழக்கிலிருந்து வரும் வாடையில் அதே கரையை நோக்கி அலை வந்து முருகைக்கல்லில் உடையும். அதுவும் பலகைக்கும் ஆளுக்கும் நல்லதல்ல.

சோளகத்தில் கடனீரேரிக்குள், மண்டைதீவுப் பக்கத்திலிருந்து குருநகர், பாசையூர்க் கரையை நோக்கி ஓடும் திசையில் தடம் பாருங்கள். விழுந்தாலும் காற்று கரைக்கே கொண்டுவரும். ஆழமும் வலைகளும் 4ஆம் படியில் சொன்னபடி முதலே பார்த்திருக்கவேண்டும். கூட ஒரு படகு வேண்டும். கம்பங்களும் வலைகளும் உள்ள இடம் என்பதால், கணுக்காலில் கட்டும் கயிற்றைவிட இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய கயிறு பாதுகாப்பு.

இங்கே அளப்பது வேறு. இரண்டு வினாடி அலை மணிக்கு ஏறத்தாழ 11 கி.மீ வேகத்தில் ஓடும். 8 கி.மீ வேகத்தில் போகும் நீங்கள் நாலைந்து வேகமான வீச்சில் அதைப் பிடிக்கவேண்டும். எத்தனை அலையைப் பிடிக்க முயன்றீர்கள், எத்தனை கிடைத்தன, அணியம் எத்தனை தரம் முன் அலையில் குத்தியது என்று முடித்தவுடன் எழுதுங்கள். உச்ச வேகம் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் ஒரு நல்ல அலை எந்தப் பலகையையும் தள்ளிவிடும். முழுத் தடத்தின் நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

11. மிதவைத் திருப்பம்

ஒவ்வொரு பலகையிலும் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து திருப்பம். மிதவைக்கு 10 மீற்றர் முன்னிருந்து 10 மீற்றர் பின்வரை நேரம் எடுங்கள். விழுந்தால் ஏறி முடிக்கும் வரை கடிகாரம் ஓடட்டும். ஒடுங்கிய வால் உள்ள பலகையின் உண்மை விலை அங்கேதான் தெரியும்.

12. தடத்துக்கு ஏற்பக் கூட்டுங்கள்

வேகங்களைச் சராசரி எடுக்காதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நேரத்தைக் கணக்கிட்டு நேரங்களைக் கூட்டுங்கள். தடம் 6 கி.மீ: அமைதி 2, எதிர்காற்று 2, பின்காற்று 2 என்று வைப்போம்.

ஒடுங்கிய பலகை முறையே மணிக்கு 8.4, 6.0, 8.8 கி.மீ: 14:17, 20:00, 13:38. மொத்தம் 47:55.

அகலமான பலகை 8.1, 6.3, 9.4: 14:49, 19:03, 12:46. மொத்தம் 46:38.

அமைதித் தண்ணீரில் 32 வினாடி தோற்ற பலகை மொத்தத்தில் 1 நிமிடம் 17 வினாடி வெல்கிறது. அதிலும் எதிர்காற்றில் கிடைத்த வெறும் 0.3 கி.மீ வேகம் 57 வினாடியைத் தந்திருக்கிறது. மெதுவான பகுதியில்தான் நீண்ட நேரம் நிற்கிறோம், அங்கே கூடும் சிறு வேகமும் பெரிய நேரமாகும். இதன் மேல் ஒவ்வொரு மிதவைக்கும் 11ஆம் படியின் வித்தியாசத்தைச் சேருங்கள்.

பந்தயத்தன்று காற்று மாறக்கூடும் என்றால், காற்று இல்லாத நாள், காற்றுள்ள நாள் என்று இரண்டு கூட்டல் போடுங்கள். இரண்டிலும் ஒரே பலகை வென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. மாறி மாறி வென்றால், எந்தப் பலகை தான் தோற்கும் நாளில் குறைந்த நேரத்தால் தோற்கிறதோ அந்தப் பலகையை எடுங்கள். அந்தத் தாளைத் திகதி, ஆழம், காற்று, அலையின் நேரம், செட்டை, பலகையின் எடை எல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடையோ நுட்பமோ மாறியதும் 5ஆம் படியிலிருந்து திரும்பத் தொடங்கவேண்டியிருக்கும்.